சைவக் கிளப்பில் ஓர் ஆரல்

"மீன் ஒண்ணு கொறையுதே."

சொக்கலிங்கம் அண்ணன் இதை உரக்கச் சொல்லவில்லை. இருந்தாலும் காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், பிட்ட இட்லியைக் கையில் வைத்தபடியே நிமிர்ந்தார்கள். முதலில் கூடத்து மூலையில் இருந்த கண்ணாடித் தொட்டியைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

அது சுத்த சைவச் சாப்பாட்டு கிளப். அங்கே மாதச் சாப்பாடு சாப்பிட்ட இருபது, முப்பது பேரில் மீன் தின்கிற குடும்பத்தில் பிறந்தவன் நான் ஒருவன்தான். கட்டுமாவடிக் கடற்கரைக்காரன். தொட்டிக்குப் பக்கத்து மூலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனும் நானேதான். போலீஸ் வந்திருந்தால்கூட வேறு யாரையும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

பரிமாறுகிற முத்து சாம்பார் வாளியோடு என் அருகே வந்து நின்றான். என் வயதுக்காரன். வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டு.

"சாரு, நேத்து நீங்கதானே கடைசியா எந்திரிச்சது?"

"அதுக்கு? பச்சையாவா திம்பேன்?" என்றேன்.

"பாத்தீங்களா அண்ணே, சமைச்சா திம்பாராம்!"

கூடமே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. முந்தின நாள்தான் அவர் ஆசை ஆசையாகத் தொட்டியில் மீன் விட்டிருந்தார். விடிந்ததும் ஒரு மீனைக் காணோம் என்றால் யாருக்குச் சிரிப்பு வரும்?

எனக்குக் காது சூடாகிவிட்டது. இலைக்கு எதிரே இருந்த தொட்டியையே முறைத்துக்கொண்டு இட்லியை விழுங்கினேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். அடியில் பரப்பியிருந்த வெள்ளாற்று மணலுக்குள்ளிருந்து ஒரு மூக்கு. குண்டூசித் தலை மாதிரி இரண்டு கண். அவ்வளவுதான் வெளியே. மிச்ச உடம்பெல்லாம் மணலுக்குள்.

"அண்ணே, இங்கன இருக்கு உங்க மீனு. போர்வையைப் போத்திக்கிட்டுத் தூங்குது" என்றேன்.

எல்லோரும் இலையை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். எச்சில் கையோடு எழுந்ததற்கு அண்ணன் அன்றைக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமைக் கேள்வி

போன வாரம் என் வாடகை அறையின் ஓட்டுக் கூரை மழைக்கு ஒழுகிய கதையைச் சொன்னேன். அந்த அறைக்கு நேர் எதிரேதான் இந்த கிளப். சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. புதுக்கோட்டையில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் டிராயிங் மாஸ்டர். கல்யாணம் ஆகவில்லை. வெந்நீர் வைக்கத் தெரியும். அதற்கு மேல் அடுப்பில் எனக்கு வேலை இல்லை.

கிளப் கூடத்தில் மேஜை நாற்காலி கிடையாது. தரையில் பாய். வரிசையாக வாழை இலை. சொக்கலிங்கம் அண்ணன் நெற்றி நிறைய திருநீறும் இடுப்பில் நாலு முழ வேட்டியுமாக ஒவ்வொரு வரிசையாக வருவார். ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் நின்று, "வயிறு ரொம்புச்சா?" என்பார். சும்மா கேட்கிற கேள்வி அல்ல அது. "ரொம்பிருச்சுண்ணே" என்று சொன்னாலும் முகத்தைப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் முத்துவைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி வைக்கச் சொல்வார்.

பரிமாறுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். கடைக்கோடி இலைக்கு முதலில் போக வேண்டும். "சத்தம் போட்டுக் கேக்குறவுக எப்படியும் வாங்கிச் சாப்பிட்டுருவாக. மூலையில குந்தியிருக்கவன் கேக்க மாட்டான்டா முத்து. அவன் எலையைத் தேடிப் போய் வைக்கணும்" என்பார். மூலையில் உட்கார்ந்த எனக்கு அந்த முறையால் கிடைத்த அப்பளங்களை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

அதைவிடப் பெரிய முறை ஒன்று இருந்தது. அந்தக் கூரைக்குக் கீழே கடைசி ஆள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர் சாப்பிடுவார். அவருக்கு அது அவர் அப்பா வைத்துவிட்டுப் போன கட்டளை. வயிற்றுப் புண் வந்து, டாக்டர் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லியும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. மூன்று மணிக்கு ஒருவர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாலும் அவருக்குப் போட்டுவிட்டுத்தான் அண்ணன் இலை விரியும்.

இப்படிப்பட்ட மனிதர் என்னிடம் மட்டும் ஒரு கேள்வியை விட்டுவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போய்விடுவோம். திங்கட்கிழமை மதியம் அண்ணன் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருவார். "ஊருக்குப் போனீங்களே, வீட்டுல என்ன கொழம்பு?" அரிமளத்துக் குமாஸ்தா அவியல் என்பார். திருமயத்து வாத்தியார் மாங்காய்ப் பச்சடி என்பார். அண்ணன் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டே அடுத்த இலைக்கு நகர்வார். என் இலைக்கு வந்ததும், "வாங்க தம்பி, பஸ்ஸு நேரத்துக்கு வந்துச்சா?" என்பார். அதோடு சரி.

கட்டுமாவடியில் என்ன குழம்பு வைத்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா? அந்தச் சொல் அந்தக் கூடத்தில் ஒலிக்க வேண்டாம் என்று நினைத்தார். தப்பில்லை. மரியாதையாகத்தான் நடத்தினார். ஆனாலும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எனக்கு மனசில் சுருக்கென்றுதான் இருந்தது. எல்லோரையும் வீட்டு ஆளாகக் கேட்டுவிட்டு, என்னை மட்டும் பஸ்ஸில் வந்த ஆளாக விட்டுவிடுகிறாரே என்று இருக்கும்.

கடலில் பூத்த தாமரை

சைவக் கிளப்பில் மீன் தொட்டி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ரேடியோவால் வந்தது.

எதிர் வரிசையில் புதிதாக ஒரு காபி கடைக்காரர் ரேடியோ வாங்கி வைத்தார். பாட்டுக் கேட்க ஆட்கள் அங்கிட்டு ஒதுங்க ஆரம்பித்தார்கள். ரேடியோ வாங்க நம் அண்ணனுக்கு வசதி இல்லை. அவர் ஒரு முறை சென்னைக்குப் போனபோது, பெரிய ஓட்டல் ஒன்றில் கண்ணாடித் தொட்டியில் மீன் விட்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். படத்துக்குச் சட்டம் போடுகிற கடைக்காரரைப் பிடித்துக் கண்ணாடியும் தகரமும் சேர்த்து ஒரு தொட்டி செய்ய வைத்தார். முதல் வாரம் நாலு பக்கமும் ஒழுகியது. என் அறைக் கூரைக்குத் துணை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன்.

தொட்டிக்குப் பின்னால் ஒட்ட என்னைப் படம் வரையச் சொன்னார். எனக்குத் தெரிந்த தண்ணீர் கடல்தான். நீலமாக, அலை அலையாக வரைந்து கொடுத்தேன். அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. நடுவுல ஒரு தாமரை போட்டுருங்க. மொகப்புல ஒரு கோபுரமும் தெரியட்டும்."

கடலுக்கு நடுவே தாமரை பூத்த படம் உலகத்திலேயே அது ஒன்றுதான் இருக்கும். வரைந்தவன் நான்தான் என்பதை முதன்முறையாக இங்கே சொல்கிறேன்.

ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவருக்குத் தெரிந்த மீன் கோயில் குளத்து மீன். சாமி கும்பிட்டுவிட்டுப் படியில் நின்று பொரி போட்டால் திரண்டு வந்து வாய் திறக்கிற மீன். மீன் என்றால் பொரி தின்னும் என்பது அவர் கண்ட உலகம். வேறு எதையும் தின்னும் என்று நினைக்க அவருக்குக் காரணமே இல்லை.

மீனைக் கொண்டுவந்தவர் பால்காரர். கோடையில் அவருடைய ஊர்க் கண்மாய் வற்றி, ஊரே இறங்கி மீன் பிடித்த நாளில், சின்னதாக உயிரோடு அகப்பட்டதை எல்லாம் ஒரு கேனில் போட்டு எடுத்து வந்துவிட்டார். கேனைப் பார்த்ததும் அண்ணன் சம்சாரம் ஆச்சி போட்ட சத்தம் ரேடியோவையும் மீறியது. ஆச்சி என்றதும் வயதானவர் என்று எண்ணிவிடாதீர்கள். நாற்பது வயதுதான் இருக்கும். மரியாதைக்கு அப்படிக் கூப்பிடுவோம். சமையலறை அவர் ராஜ்யம். "பால் கேனுலயா மீனு? பால் கேனுலயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அது ஓட்டைக் கேன், பால் ஊற்றுகிறதில்லை என்று பால்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஓட்டைக் கேனில் மீன் தண்ணீர் எப்படி நின்றது என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

கேனில் இருந்தவை ஏழெட்டுக் கெண்டைகள். அவற்றோடு ஒரே ஒரு ஆரல். ஒரு சாண் நீளம், கூரான மூக்கு, பாம்புக்கும் மீனுக்கும் நடுவே ஓர் உடம்பு. மணலைக் கண்டதும் புதைந்துகொள்ளும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, ஆள் ஆகாது. நானும் அன்றைக்குத்தான் அதை உயிரோடு பார்த்தேன். என் ஊர்க்காரர்கள் கடல் மீனோடு பிறந்து வளர்ந்தவர்கள்.

பொரி, இட்லி, தயிர்சாதம்

தொட்டி வைத்த பிறகு ரேடியோ கொஞ்சம் வாயடைத்துத்தான் போயிற்று. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போகிற ஒவ்வொருவரும் தொட்டியில் ஏதாவது போட்டார்கள். பொரி, இட்லித் துணுக்கு, சுண்டல் தோல். ஒருவர் பக்தி முற்றி இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு ஒரு பருக்கை சர்க்கரைப் பொங்கல் போட்டார்.

கெண்டைகளுக்குக் கொண்டாட்டம். தண்ணீரைத் தொடும் முன்பே வாயைப் பிளந்துகொண்டு வந்தன. ஒரே மாதத்தில் காண்டிராக்டர்கள் மாதிரி தொந்தி விழுந்துவிட்டது. ஒரு பருக்கை தப்பித் தவறி அடிக்குப் போனாலும் துரத்திக்கொண்டு போய்த் தின்றன. ஆரல் மூக்கை மட்டும் வெளியே நீட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் ஒரு துணுக்கு விழுந்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விடும்.

ஒரு நாள் கடைசிப் பந்தி முடிந்தது. நான் தொட்டித் தண்ணீரை மாற்ற முத்துவுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆச்சி பருப்பும் நெய்யும் விட்டாயிற்று. அண்ணன் முதல் கவளத்தைப் பிசைந்து கையில் எடுத்துவிட்டார். தண்ணீர் குறைந்ததும் ஆரல் மணலை விட்டு ஒரு முறை வெளியே வந்து வளைந்தது. வயிறு ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

முத்துவுக்கு வாய் சும்மா இருக்குமா? "அண்ணே, இந்தா ஒரு ஆளு வந்த நாள்லேருந்து ஒரு பருக்கை தொடல. நீங்க பாட்டுக்கு உக்காந்துட்டீங்க!"

விளையாட்டாகத்தான் சொன்னான். அண்ணன் கையில் இருந்த கவளம் அப்படியே நின்றது. தொட்டியைப் பார்த்தார். கவளத்தை இலையில் வைத்தார். எழுந்து போய்க் கை கழுவிவிட்டார்.

முத்துவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆச்சி நெய்க் கிண்ணத்தோடு அப்படியே நின்றார்.

அன்றிலிருந்து அண்ணன் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. யாராவது கேட்டால், "அதுவும் நம்ம கூரைக்குக் கீழதானே இருக்கு?" என்பார். ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருப்பார். தினமும் புதிது புதிதாக அதற்குச் செய்து போடச் சொன்னார். உளுந்து வடையை நனைத்துப் போட்டார். பருப்பை மசித்து உருட்டிப் போட்டார். தயிர்சாதம் போட்ட அன்றைக்குத் தொட்டி வெள்ளை வெளேர் என்று ஆகி, என் கடலும் தாமரையும் கோபுரமும் ஒன்றும் தெரியவில்லை. கெண்டைகள் மேலும் கொழுத்தன. ஆரல் மேலும் மெலிந்தது. அண்ணனும் அதோடு சேர்ந்து மெலிந்தார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், மாதச் சாப்பாட்டுக்காரர்கள் எங்களுக்கும் சோறு இறங்கவில்லை. "வயிறு ரொம்புச்சா?" என்று வயிறு காய்ந்தவர் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது?

ஒரு சனிக்கிழமை ஆச்சி என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். கை கழுவுகிற தண்ணீர் பாய்ந்து அங்கே வாழைகள் தழைத்து நின்றன.

"தம்பி, அந்த மனுசன் போற போக்கைப் பாத்தா எனக்குப் பயமாயிருக்கு. அந்தப் பாழாப்போனது என்னதான் திங்கும்? நீங்க கடக்கரை ஆளு, ஒங்களுக்குத் தெரியாதா?"

"ஆச்சி, மீனை எப்படித் திங்கிறதுன்னு கேளுங்க, விடிய விடியச் சொல்றேன். மீனு என்ன திங்கும்னு நான் எங்க கண்டேன்?"

ஆச்சி சிரித்தார். சிரித்த கண்ணில் தண்ணீர் நின்றது. "ஊருக்குப் போறீங்கள்ல, கேட்டுட்டு வாங்க" என்றார்.

ஆத்தா கேட்ட ஒரு கேள்வி

எங்கள் வீட்டில் நுழைந்ததும் விஷயத்தைச் சொன்னேன். ஆத்தா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வடையையும் தயிர்சாதத்தையும் பற்றிச் சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கடைசியில் மண்சட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏண்டா, தூண்டிக்காரன் முள்ளுல இட்டிலியவா கோக்குறான்?"

நான் விழித்தேன்.

"புழுவைத்தானேடா கோக்குறான்! வாத்தியார் வேல பாக்குறானாம், வாத்தியார் வேல!"

தொட்டிக்கு முன்னால் மூக்கைச் சொறிந்துகொண்டு நின்ற குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், வக்கீல் குமாஸ்தா எல்லோரையும் நினைத்துக்கொண்டேன். தூண்டிலில் புழு மாட்டுவார்கள் என்று தெரியாதவர் அதில் ஒருவர்கூட இல்லை. ஆனால் அந்தக் கூடத்துக்குள் நுழைந்ததும் எங்கள் எல்லோருக்கும் புத்தியும் சைவமாகிவிட்டது.

அன்றைக்கு ஆத்தா வைத்தது கிழங்கான் மீன் குழம்பு. மாங்காய் போட்டது. மூன்று தடவை சோறு வாங்கினேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் பயம் பிடித்தது. முட்டை என்ற பேச்சுக்கே இடமில்லாத கூடத்தில் போய், புழு கொண்டுவாருங்கள் என்று யார் சொல்வது? அதுவும் நானா? சொன்னால், கடற்கரைக்காரன் தன் புத்தியைக் காட்டிவிட்டான் என்று ஆகிவிடும். திங்கட்கிழமைக் கேள்வி மட்டுமா, என் இலையே போய்விடும். சொல்லாவிட்டால் மீன் போய்விடும். அண்ணன் மோரோடு எத்தனை நாள் இருப்பார்?

சொல்லிவிட்டேன். நேராகப் பின்கட்டுக்குப் போய் ஆச்சியிடம் சொன்னேன். ஆச்சி ஒரு குச்சியை எடுத்து வாழைக்கடியில் ஈரமண்ணை ஒரு கிளறு கிளறினார். அங்கே கொத்துக் கொத்தாக நெளிந்தன.

"நம்ம பின்கட்டுலயே வச்சுக்கிட்டு..." என்றவர், குச்சியைக் கீழே போட்டார். "அவருகிட்டச் சொல்லாம செய்யப்படாது. வாங்க."

யார் வீடு?

கடைசிப் பந்தி எழுந்திருந்தது. முத்து இலைகளை எடுத்துக்கொண்டிருந்தான். ஆச்சி சுற்றி வளைக்கவில்லை.

"அது புழுதான் திங்குமாம்."

அண்ணன் முகம் சுருங்கியது. முதலில் என்னைப் பார்த்தார். நான் தாமரையைப் பார்த்தேன்.

"இந்தக் கூடத்துலயா? எங்க அப்பா உக்காந்து எலை போட்ட எடம் இது."

"கூடத்துல யாரு போடச் சொன்னா? கண்ணாடிக்குள்ள. அது அதோட வீடு."

"வீடு எங்க இருக்கு? என் கூடத்துலதானே இருக்கு?"

"கூடம் எங்க இருக்கு?" என்றார் ஆச்சி. "ராவுத்தர் கட்டடத்துல இருக்கு. நாம வாடகைக்கு இருக்கோம். அவரு எத்தனை வருசமா வந்து போறாரு? என்னைக்காச்சும் நம்ம அடுப்புல எட்டிப் பாத்து, என்ன வேகுதுன்னு கேட்டிருக்காரா?"

அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் பாக்க மாட்டேன்" என்றார் கடைசியில். சொல்லிவிட்டுத் தொட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

ஆச்சி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுவந்தார். முதல் புழுவை நான் மேலே இருந்து போட்டேன். அவ்வளவுதான். பொரியும் பொங்கலும் தின்று வளர்ந்த அத்தனை கெண்டைகளும் ஒரு நொடியில் சைவத்தைக் கைவிட்டன. ஒரு புழுவுக்கு ஏழு வாய். ஆரலுக்கு மூக்கு மட்டும் அசைந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் அண்ணன், திரும்பாமல்.

"கெண்டை தின்னுருச்சுண்ணே" என்றான் முத்து.

"கெண்டையா? நம்ம கெண்டையா?" அவர் குரலில் அப்படி ஒரு வருத்தம். பொரி தின்றவை இப்படிச் செய்யும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாவது புழுவுக்கும் அதே கதி. மூன்றாவதுக்கும் அதே கதி. முதுகைக் காட்டி நின்ற அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. அவர் மனசில் இருந்த பரிமாறுகிறவர் விழித்துக்கொண்டார்.

"டேய் முத்து, எத்தனை வருசமாப் பரிமாறுற? கூட்டம் இருக்குற எடத்துல வாளியைக் காட்டுனா மூலைக்கு என்னடா போகும்? அவனுங்களுக்கு அங்கிட்டு ஒரு பந்தியைப் போடு. இங்கிட்டு மூலை எலைக்குத் தனியாப் போ!"

"எப்படிண்ணே போறது? தண்ணிக்குள்ள நானா எறங்க முடியும்?"

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். பின்கட்டில் வாழைக்குப் பக்கத்தில் ஒரு பப்பாளி நின்றது. விறுவிறுவென்று போய் ஒரு நீண்ட இலையை ஒடித்து, தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, குழல் மாதிரி இருந்த காம்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "மூக்குக்கு நேரா எறக்குங்க தம்பி" என்றார். அப்புறம் வாசல் கதவைச் சாத்தி வெளிச்சத்தைக் குறைத்தார். கை நிறைய பொரியை அள்ளிக்கொண்டு தொட்டியின் மறுகோடிக்குப் போனார்.

அவர் தொட்டியைப் பார்த்து நிற்கிறார் என்பது அப்போது அவருக்கே நினைவில்லை.

"நான் போடுறேன். கெண்டை வந்ததும் நீ விடு" என்றார் ஆச்சியிடம்.

பொரி விழுந்தது. கெண்டைகள் திரண்டு அங்கே ஓடின. நான் காம்பைப் பிடித்திருந்தேன். ஆச்சி ஒரு புழுவை உள்ளே விட்டு, ஒரு கை தண்ணீரையும் ஊற்றினார். காம்பின் அடியில் அது மெதுவாக வெளிப்பட்டது. மணலுக்குள்ளிருந்து மூக்கு ஒரு விரல் நீளம் நீண்டது. நின்றது. பிறகு அந்த மூக்கு லேசாக அசைந்தது. புழு பாதி உள்ளே போய்விட்டது. இன்னொரு இழுப்பில் மீதியும் போய்விட்டது.

"சேமியாப் பாயசம் குடிக்கிற மாதிரியே குடிக்கிறான்!" என்றான் முத்து.

"சத்தம் போடாதடா, கூச்சப்படுது" என்றார் அண்ணன்.

இன்னொன்று போயிற்று. இன்னும் ஒன்று. அதற்கடுத்ததை ஆரல் முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. முழு உடம்பையும் ஒரு முறை வெளியே காட்டி, வளைந்து, மறுபடி மணலுக்குள் போய்விட்டது.

அண்ணன் தொட்டிக்கு முன்னால் குனிந்தார். எங்கள் இலைகளுக்கு முன்னால் குனிகிற அதே குனிவு. கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், "வயிறு ரொம்புச்சா?" என்றார்.

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. ஆச்சி மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையைச் சாம்பல் போட்டு மூன்று முறை கழுவிவிட்டு, அண்ணனுக்கு இலையை விரித்தார். அண்ணன் அன்று சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்க்கிறபோதே எங்களுக்குப் பசித்தது.

அடுத்த திங்கள்

அதற்குப் பிறகு தினமும் கடைசிப் பந்தி முடிந்ததும் கதவைச் சாத்தி ஆரலுக்குத் தனிப் பந்தி நடந்தது. அண்ணன் பொரிப் பக்கம். ஆச்சி காம்புப் பக்கம். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் காம்பு பிடிக்கும் வேலை எனக்கு. ஆரல் ஒரு மாதத்தில் விரல் தடிமனுக்கு வந்துவிட்டது. ரேடியோ வைத்த காபி கடைக்காரரே ஒரு நாள் கதவைத் தட்டிப் பார்க்க வந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஆரலின் முதல் பந்திக்கு அடுத்து வந்த திங்கட்கிழமையைப் பற்றி.

மதியப் பந்தி நிறைந்திருந்தது. அண்ணன் வழக்கம்போல் வந்தார். அரிமளத்துக் குமாஸ்தாவிடம் கேட்டார். திருமயத்து வாத்தியாரிடம் கேட்டார். என் இலைக்கு வந்தார். நான் பஸ் நேரத்துக்கு வந்தது என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

அண்ணன் கொஞ்சம் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஊருக்குப் போனீங்களே தம்பி. ஆத்தா என்ன கொழம்பு வச்சாங்க?"

முத்துவின் கையில் சாம்பார்க் கரண்டி அந்தரத்தில் நின்றது. பக்கத்து இலைக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். நான் இலையில் இருந்த சோற்றைப் பிசைந்தேன்.

"சொல்லுங்க தம்பி."

"மீன் கொழம்புண்ணே" என்றேன். "கெழங்கான் மீனு. மாங்காய் போட்டு வச்சாங்க."

"மாங்காய் போட்டா?" என்றார் அண்ணன். ஒரு நிமிஷம் யோசித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். மாங்காய்க்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "வயிறு ரொம்ப சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேண்ணே."

"அதான் வேணும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த இலைக்கு நகர்ந்தார். போகிற போக்கில் திரும்பி, "டேய் முத்து, தம்பி எலையைப் பாரு" என்றார்.

எனக்கு அன்று வயிறு ஏற்கெனவே நிறைந்திருந்தது. ஆனாலும் இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டேன்.